அத்தையின் விதவை உதவித்தொகையும் எம்.எல்.ஏ. ஆபீஸ் வாட்ஸ்அப்பும்

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் வருவது பெரும்பாலும் படங்கள்தான். அண்ணன் நீர்மோர்ப் பந்தல் திறந்தார், நிழற்குடைக்கு அடிக்கல் நாட்டினார், மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசினார், வட்டச் செயலாளர் வீட்டுக் கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தினார். நடுவில் எப்போதாவது ஒரு வரி, எந்த வார்டுக்கு எந்த மண்டபத்தில் எந்தத் தேதியில் முகாம் என்று வரும். பத்துப் படம் தள்ளினால் அப்படி ஒன்று கிடைக்கும்.

மாமா இறந்த பிறகு அத்தைக்கு விதவை உதவித்தொகை வாங்கித் தந்ததைப் பற்றித்தான் எழுத வந்தேன். அந்தக் குழுவில் வந்த இரண்டு தகவல்கள் இல்லாவிட்டால் வேலை இன்னும் இழுத்திருக்கும். எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்டுத் தந்த பரிந்துரைக் கடிதத்தால் ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தை இருப்பது வட சென்னையில் ஒற்றை அறை வாடகை வீடு. மாமா கான்டிராக்ட் கூலியாகவே காலம் தள்ளியவர், பென்ஷன் என்று எதுவும் கிடையாது. ஒரே மகள் ஓசூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், அவள் பாடே இழுபறி. அத்தை பூ கட்டிக் கொடுத்துக் காலத்தை ஓட்டினார். நான் மாதா மாதம் ஏதாவது தருகிறேன் என்றபோது, "உன்கிட்ட கை நீட்டவாடா? கவர்மென்டு குடுத்தா வாங்கிக்கிறேன், அது எல்லாருக்கும் குடுக்கிறதுதானே" என்று முடித்துவிட்டார்.

தெருமுனையில் ஒருவர் ஐயாயிரம் கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். உதவித்தொகை அப்போது மாதம் 1200 ரூபாய். 1000 ஆக இருந்ததை 2023 ஆகஸ்டிலிருந்து உயர்த்தினார்கள். அதாவது நாலு மாதப் பணத்துக்கு மேல் அந்த ஆளுக்கே போய்விடும். வேண்டாம், நாமே பார்ப்போம் என்று அத்தையை எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், உள்ளே இரண்டு மேசை, சுவரில் தலைவர்கள் படம். எம்.எல்.ஏ. காலையில் கொஞ்ச நேரம் இருப்பார், சட்டமன்றம் நடந்தால் அதுவும் இல்லை. உண்மையில் அந்த இடத்தை நடத்துவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு அக்காதான். வந்தவர்கள் கேட்பதைக் காது கொடுத்தாலே பாதி ஊர் புரிந்துவிடும். ஒருவருக்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூட சீட்டு. ஒருவருக்கு ஸ்டான்லியில் ஆபரேஷன் தேதி முன்கூட்டி வேண்டும். ஒரு அம்மா சாக்கடை வீட்டுக்குள் வருகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா சளைக்காமல் பதில் சொன்னார். கழிவுநீர் என்றால் குடிநீர் வாரியம், 1916-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்கிக்கொண்டு வாங்க. தெருவிளக்கும் குப்பையும் மாநகராட்சி, அதுக்கு 1913. எண் இருந்தால்தான் நாங்க போன் பண்ணிக் கேட்க முடியும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. எம்.எல்.ஏ. கைக்குள் நாம் நினைக்கிற அளவுக்கு எதுவும் இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதி என்று வருடத்துக்கு 3 கோடி ரூபாய் உண்டு. அதில் வகுப்பறை கட்டலாம், நிழற்குடை போடலாம், தனி ஆளுக்குப் பணம் தர முடியாது. உதவித்தொகையை அனுமதிப்பவர் தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். எம்.எல்.ஏ. அவரிடம் சொல்லலாம், கேட்கலாம், அவ்வளவுதான். இது தெரியாமல் அந்த வாசலில் கோபப்படுபவர்கள் நிறைய.

அத்தையின் காகிதங்களை அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் முதியோர் உதவித்தொகைக்குத்தான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் ஆதாரைப் பார்த்த உடனே நிமிர்ந்தார். "பிறந்த தேதி ஜனவரி 1, 1968னு இருக்கே. முதியோருக்கு அறுபது முடியணும். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போதே தள்ளிடும்." அத்தைக்கு நிச்சயம் அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் ஆதார் எடுத்தபோது யாரோ குத்துமதிப்பாக ஒரு வருடம் போட்டிருக்கிறார்கள். அத்தை பள்ளிக்கூடம் போனதில்லை, வயதை நிரூபிக்க வேறு தாளும் இல்லை. "அதைத் திருத்தப் போனா அது தனி அலைச்சல். விதவைன்னு போடுங்க, அதுக்குப் பதினெட்டு முடிஞ்சாலே போதும். பணம் ரெண்டுலயும் ஒண்ணுதான். மாமா இறப்புச் சான்றிதழ் இருக்குல்ல?" இருந்தது. சென்னைக்குள் நடந்த இறப்பு என்பதால் மாநகராட்சி இணையதளத்திலிருந்தே காசில்லாமல் எடுத்திருந்தேன்.

இந்த ஒரு பேச்சுக்காகவே அந்த வாசலில் காத்திருந்தது தகும். தவறான திட்டத்தில் மனு போட்டு, அது நிராகரிக்கப்பட்டு, காரணம் தெரியாமல் மறுபடி போடுபவர்களை அதற்கப்புறம் நிறையப் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது சிக்கல் ரேஷன் அட்டை. குடும்பத் தலைவராக மாமா பெயரே இருந்தது, கல்யாணமாகிப் போன மகள் பெயரும் அப்படியே. இது ஆதரவற்ற விதவைகளுக்கான தொகை. மகள் பெயர் இருந்தால் ஆதரவற்றவர் என்று எப்படி ஒப்புவார்கள்? இணையத்திலேயே பெயர் நீக்கலாம்தான். ஆனால் அட்டையோடு பதிந்த கைபேசி எண் மாமாவுடையது. அந்த சிம் செத்துப் போய் ஓடிபி வர வழியில்லை. இ-சேவை மையத்திலும் அதே இடத்தில்தான் நின்றது.

அக்கா தன் போனை எடுத்து, முந்தைய வாரம் குழுவில் போட்ட செய்தியைக் காட்டினார். படங்களுக்கு நடுவில் நானும் தள்ளிவிட்டுப் போனது அது. சென்னையில் உணவுப் பொருள் வழங்கல் துறைக்கு 19 மண்டல உதவி ஆணையர் அலுவலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை அங்கே குறைதீர் முகாம். பெயர் சேர்க்க, நீக்க, முகவரி மாற்ற, கைபேசி எண் மாற்ற எல்லாம் நேரிலேயே. நடக்க முடியாதவர்கள் தங்களுக்குப் பதில் வேறொருவரைப் பொருள் வாங்க அனுப்புவதற்கான அங்கீகாரச் சான்றும் அங்கே தருவார்கள். வருடக்கணக்காக நடக்கும் முகாம். எங்கள் தெருவில் விசாரித்தால் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

கிளம்பும்போது எம்.எல்.ஏ. வந்துவிட்டார். அத்தை எழுந்து கும்பிட, அவர் விவரம் கேட்டு, ஆவன செய்யுமாறு பரிந்துரைக்கிறேன் என்று லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு அத்தைக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். பத்திரமாக இருக்கட்டும், லேமினேட் பண்ணிடலாமாடா என்றுகூடக் கேட்டார்.

சனிக்கிழமை முகாமில் கூட்டம் இருந்தது, ஆனால் நகர்ந்தது. இறப்புச் சான்றிதழ் நகல், பழைய அட்டை, ஆதார் நகல், ஒரு விண்ணப்பம். மகளின் பெயரை நீக்க, மாப்பிள்ளை வீட்டு அட்டையில் சேர்ப்பதற்கு நீக்கல் சான்று வேண்டும் என்று காரணம் எழுதினோம். முதலில் கைபேசி எண்ணை மாற்றினார்கள், அத்தை கையிலிருந்த பட்டன் போனிலேயே ஓடிபி வந்தது. கண்ணாடி இல்லாமல் அந்த எண்ணைப் படிக்க அத்தை பட்ட பாட்டைப் பார்த்து மேசைக்குப் பின்னால் இருந்தவரே எழுந்து வந்து படித்துக்கொண்டார். திருத்தம் உடனே ஆகவில்லை, கொஞ்ச நாள் கழித்து ஒப்புதல் குறுஞ்செய்தி வந்தது. புது அட்டை அச்சாகி வருவதற்குள் இணையத்திலிருந்து எடுத்த நகலையே அடுத்த வேலைக்கு வைத்தோம், ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் ஜூலை. 2025 ஜூலை 15 அன்று, அரசுத் துறைகள் ஒரே இடத்தில் மனு வாங்கும் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கின. மாநிலம் முழுக்க 10,000 முகாம், நகரப் பகுதிகளில் 13 துறைகளின் 43 சேவைகள், மனுவுக்கு 45 நாளில் பதில் என்பது அறிவிப்பு. குழுவில் பட்டியல் வந்தது, ஆனால் வார்டு எண்ணோடு மட்டும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு வார்டு எண் எங்கே தெரியும்? மாநகராட்சியில் 200 வார்டு. வாக்காளர் அட்டையில் தொகுதி இருக்கும், வார்டு இருக்காது. வீட்டுக்காரரின் சொத்துவரி ரசீதில் பார்க்கலாம், இல்லை தெருப் பெயர்ப் பலகையிலேயே போட்டிருக்கும். நான் பலகையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

முகாம் நடந்தது மாநகராட்சி சமூக நலக்கூடத்தில். வாசலிலேயே தன்னார்வலர்கள் பெண்கள் எல்லோர் கையிலும், மாதம் 1000 ரூபாய்க்கான மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை கையிலும் திணித்தார்கள். 2023-இல் அந்தத் திட்டம் வந்தபோது மாமா படுத்த படுக்கையாக இருந்ததால் அத்தை விண்ணப்பிக்கவே இல்லை. இப்போது இரண்டையும் போட்டு வைப்போமே என்று பக்கத்தில் ஒரு அம்மா யோசனை சொன்னார். போடவில்லை. விதவை உதவித்தொகை, முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களுக்கு உரிமைத் தொகை கிடையாது என்பது விதி. 1000-மா 1200-ஆ என்றால் எதைக் கேட்பது என்று அத்தைக்கு யாரும் கணக்குச் சொல்லத் தேவையில்லை.

வருவாய்த் துறை மேசையில் பரிந்துரைக் கடிதத்தை அத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து நீட்டினார். மேசையில் இருந்த பெண் அதை எடுத்து, மரியாதையாகவே, கட்டின் கடைசியில் வைத்துவிட்டு ஆதாரைக் கேட்டார். அத்தை முகம் வாடிவிட்டது. எனக்கு அது சரியென்றே பட்டது. கடிதம் கொண்டுவராத அம்மாவின் மனுவும் அதே வரிசையில் அதே விவரங்களோடுதானே ஏற வேண்டும்? நடுவில் இணைப்பு போய், எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே இடம் தேடி உட்கார்ந்து, மறுபடி வந்து, ஒரு வழியாக ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்தது. நான் பத்திரப்படுத்தச் சொன்னது அந்தச் சீட்டைத்தான். எந்த அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள்.

விசாரணைக்கு வருவாய்த் துறையிலிருந்து ஆள் வந்தபோது அத்தை வீட்டில் இல்லை, பூ மார்க்கெட்டில் இருந்தார். பூட்டிய வீடு என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் வம்பு. கீழ்வீட்டு அம்மா பிடித்து உட்கார வைத்து, காபி கொடுத்து, அத்தைக்குப் போன் போட்டுவிட்டார். சொத்து இருக்கிறதா, மகன் இருக்கிறாரா, மகள் பணம் அனுப்புகிறாளா, எத்தனை வருடமாக இந்த வீடு என்று கேட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்திலும் விசாரித்துவிட்டுப் போனார்கள். விண்ணப்பிக்கிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. போன் எண்ணும் தவறாமல் எடுக்கிறவர் எண்ணாக இருக்கட்டும்.

இதற்கப்புறம் சத்தமே இல்லை. 45 நாளும் முடிந்தது. தாலுகா அலுவலகத்துக்குப் போனால் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். எம்.எல்.ஏ. அலுவலக அக்காவிடம் ஒப்புகை எண்ணை அனுப்பினேன். அவர் போன் போட்டுக் கேட்டதில், வங்கிப் புத்தக நகலில் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் மங்கலாக இருப்பதால் கோப்பு ஓரமாக இருக்கிறது என்று தெரிந்தது. நல்ல நகல் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பரிந்துரைக் கடிதம் செய்யாததை அந்த ஒரு போன் செய்தது. அவர் சலுகை எதுவும் கேட்கவில்லை, என்ன குறை என்று மட்டும் கேட்டார். அதை நாம் நேரில் போய்க் கேட்டால் சொல்ல ஆளில்லை என்பது வேறு வருத்தம்.

ஆணை வந்தது. பணத்தை வங்கி முகவர் கைரேகைக் கருவியோடு தெருவுக்கே வந்து தருவார். ஆனால் பூக்கட்டி நூல் இழுத்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே விழும்? வலது கை பெருவிரல் எடுக்கவில்லை, இடது கையில் மோதிர விரல் எடுத்தது. எடுக்காத மாதம் அத்தை வங்கிக்கே போய்ப் படிவம் எழுதி வாங்கிக்கொள்கிறார்.

நவம்பரில் குழு முழுக்க வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் பற்றிய செய்திகளாக இருந்தது. படிவம் கொடுக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று பூ மார்க்கெட்டில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அத்தை இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் போட்டுவிட்டார். மறுநாள் அக்காவிடம் கேட்டேன். "ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி. ஆனா படிவத்தைப் பூர்த்தி பண்ணிக் குடுத்துடச் சொல்லுங்க, பேரு விட்டுப்போனா அப்புறம் அதுக்கும் அலையணும்" என்றார். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்தபோது அத்தை கொடுத்துவிட்டார்.