இணைப்பு அறுந்தாலும் பாடம் மிஞ்ச வேண்டும்

நெருக்கடி நேரத்தில் பல்கலைக்கழக வகுப்பை இணையத்துக்குக் கொண்டுபோவது பற்றிப் பேச்செடுத்தால், "எந்தக் கருவி நல்லது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சிங்கப்பூரில் மாலை நேரத் தமிழ்ப் பட்டப்படிப்பில் பாடம் நடத்தும் எனக்கு அதற்கு முன்பே எழும் கேள்வி ஒன்று உண்டு. பாதி வகுப்பில் இணைப்பு அறுந்துபோன மாணவரின் கையில் அன்றைக்கு என்ன மிஞ்சும்? 2020இல் கோவிட் பரவியபோது நாங்கள் செய்த ஏற்பாடுகளை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவைதாம் கடைசிவரை உதவின.

சிங்கப்பூருக்கு இது முற்றிலும் புதிதாக வந்த சோதனை அல்ல. 2003இல் சார்ஸ் என்ற நோய் பரவியபோது 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள், பள்ளிகளை மூடினார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் பல்கலைக்கழகங்கள் 'மின்கற்றல் வாரம்' என்று வைத்து, வளாகம் மூடப்பட்டால் பாடத்தை எப்படித் தொடர்வது என்று ஒத்திகை பார்த்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒத்திகை வாரத்தில் வளாகம் திறந்தே இருக்கும். வீட்டில் இணையம் சரியில்லை என்றால் நூலகத்தில் போய் உட்காரலாம். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி 'சர்க்கிட் பிரேக்கர்' என்ற பொதுமுடக்கம் தொடங்கியபோது அந்த நூலகமும் இல்லாமல் போனது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரி 7ஆம் தேதி, நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்தது. பெரிய விரிவுரைகள் உடனே இணையத்துக்குப் போயின. எங்களுடையது சிறிய வகுப்பு என்பதால் இடைவெளி விட்டு உட்கார்ந்து இன்னும் சில வாரம் நேரிலேயே நடத்தினோம். மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. ஜோகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்கும் வகுப்புக்கும் வந்துகொண்டிருந்த மாணவர் ஒருவர், அவசரமாக இங்கே உறவினர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துத் தங்கினார். மடிக்கணினி அக்கரையில் இருந்தது. அவருக்குப் பல்கலைக்கழகம் என்பது அன்றிலிருந்து ஒரு கைப்பேசித் திரைதான். மற்றவர்களுக்கு முன்பே அவருக்காக நான் பாடத்தை மாற்றி எழுதத் தொடங்கினேன். ஏப்ரலில் எல்லாருக்கும் அது தேவைப்பட்டது.

எங்கள் மாணவர்கள் பகலில் வேலை பார்ப்பவர்கள். பாலர் பள்ளி ஆசிரியர்கள், தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள், தாதியர். வழக்கமாக வகுப்பு இரவு ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து வரை போகும். அந்த மூன்று மணி நேரத்தை அப்படியே ஸூமில் வைக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்துச் சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது: "டீச்சர், ரெண்டு பிள்ளைங்களுக்கும் வீட்லருந்தே பள்ளிக்கூடம். அவரும் வீட்லதான் வேலை பாக்குறாரு. இருக்குறது ஒரே லேப்டாப். ராத்திரி பதினோரு மணிக்குத்தான் என் கைக்கு வருது." மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது, ஏழு மணிக்குக் கேமராவைத் திறந்து வைத்து உட்காரச் சொல்வது அவர் படிப்பைத் தடுப்பதற்குச் சமம். வருகைப் பதிவுக்காகக் கேமராவைக் கட்டாயமாக்கியவர்கள் மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஆகவே விளக்க வேண்டியதையெல்லாம் பதினைந்து இருபது நிமிடத் துண்டுகளாக ஒலியில் பதிந்து, இரண்டு மூன்று பக்கக் குறிப்போடு கற்றல் தளத்தில் முன்கூட்டியே போட்டேன். நேரலை ஒரு மணி நேரம்தான். அதில் கேள்வி, வாசிப்பு, விவாதம் மட்டும். ஸூம் நிறுவனமே தரும் கணக்குப்படி, இருவர் பேசும் தெளிவான காணொளிக்கு நொடிக்கு 600 கிலோபிட் வேண்டும். வெறும் குரலுக்கு 60 முதல் 80 வரை போதும். அதாவது முகத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் அனுப்பினால் சுமை ஏழெட்டில் ஒரு பங்காகவோ பத்தில் ஒரு பங்காகவோ குறைகிறது. தமிழ் இலக்கிய வகுப்புக்குக் குரல்தானே முதன்மை? பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு இரவுப் பணி முடிந்து பேருந்தில் வரும்போது கேட்டதாகத் தாதியாக இருந்த மாணவி சொன்னார். மருத்துவமனைகளில் வேலை நெருக்கிய அந்த மாதங்களில் அவர் ஒரு பாடத்தைக்கூட விடவில்லை.

குரல் முதன்மை என்று சொன்னேன். அங்கேதான் பெரிய சிக்கலும் வந்தது. யாப்பிலக்கணம் நடந்துகொண்டிருந்தது. வெண்பாவின் செப்பலோசை, ஆசிரியப்பாவின் அகவலோசை என்று விதியாகச் சொன்னால் விளங்காது, வாய்விட்டுப் பாடிக் காட்ட வேண்டும். நான் நெடிலை நீட்டிப் பாடும்போதெல்லாம் மாணவர்களுக்குக் குரல் தேய்ந்து மறைந்தது. ஒரே சீராக நீளும் ஓசையை மின்விசிறி, குளிரூட்டி இரைச்சல் போலக் கருதி அடக்கிவிடும் வேலையை ஸூம் செயலி தானாகவே செய்கிறது. இசை கற்பிப்பவர்களுக்காக 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஓர் அமைப்பு உள்ளே இருந்தது. அதை இயக்கிய பிறகு சீர்கள் முழுசாகப் போய்ச் சேர்ந்தன. தமிழ்ச் செய்யுள் கற்பிக்கும் யாரும் முதலில் தொட வேண்டிய பொத்தான் அதுதான் என்பேன். கருவிப் பயிற்சி வகுப்புகளில் அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சேர்ந்து பாடுவது மட்டும் கடைசிவரை கைகூடவில்லை. ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்வதால் எதுகை வேறு வேறு இடத்தில் விழும். எனவே ஒருவர் பாட, மற்றவர்கள் ஒலியை அடைத்துக்கொண்டு தங்கள் வீட்டில் கூடப் பாடுவது என்று வைத்துக்கொண்டோம்.

ஏப்ரல் 9ஆம் தேதி, பள்ளிப் பாடம் ஒன்றில் அந்நியர் புகுந்த சம்பவத்தை அடுத்து, கல்வி அமைச்சு பள்ளி ஆசிரியர்கள் ஸூம் பயன்படுத்துவதை நிறுத்திவைத்தது. பிறகு கூடுதல் பாதுகாப்புகளோடு அனுமதித்தது. பகலில் பள்ளியில் கற்பித்த என் மாணவர்கள் அந்தப் பரபரப்பை மாலையில் கொண்டுவந்தார்கள். காத்திருப்பு அறை, கடவுச்சொல், திரைப்பகிர்வைப் பூட்டுவது ஆகிய மூன்றையும் அவர்களிடமிருந்தே கற்றேன்.

எழுத்து வேலைதான் எல்லாவற்றிலும் கடினம். ஆங்கிலப் பாடங்களில் மாணவர் தட்டச்சு செய்து அனுப்பிவிடுவார். தமிழில் ஒருவர் ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டும் அஞ்சல் முறையில் வேகமாக அடிப்பார், ஒருவருக்குத் தமிழ் எழுத்துகளுக்கே அமைந்த தமிழ்99 விசைப்பலகை பழக்கம், ஐம்பது வயதைத் தாண்டிய இன்னொருவருக்குப் பேனாதான் வரும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் எழுதிய கட்டுரை ஒன்று என் கணினியில் பொருளற்ற குறிகளாக வந்தது. ஐஃபோனில் எடுத்த விடைத்தாள் படங்கள் ஹெச்இஐசி என்ற படக்கோப்பு வடிவில் வந்து, என் விண்டோஸ் கணினியில் திறக்க மறுத்தன. இத்தனைக்கும் தமிழ் இணையத்தின் தொடக்க வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு, 1997இல் எழுத்தாளரும் தமிழ்க் கணிமை முன்னோடியுமான நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் மாநாடு இங்கேதான் நடந்தது. அவர் கண்ட கனவுக்கு இருபது ஆண்டுக்கு மேல் கழித்தும், தேர்வு என்று வரும்போது தமிழ் மாணவருக்கு விசைப்பலகை ஒரு தடையாக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

தேர்வில் இதைச் சரிசெய்ய முடிந்தது. நூலைப் பார்த்து எழுதும் தேர்வாக மாற்றினோம். தட்டச்சு செய்வதா, கையால் எழுதிக் கைப்பேசி ஸ்கேனர் செயலியில் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதா என்பதை மாணவரே தேர்ந்தார். பதிவேற்றுவதற்கென்று எழுதும் நேரத்துக்கு வெளியே தனி நேரம் கொடுத்தோம். முந்தைய வாரம் ஒரு வெற்றுத் தாளை அனுப்பச் சொல்லி எல்லாரையும் ஒருமுறை பழக்கினோம். பாதிச் சிக்கல்கள் அன்றைக்கே தெரிந்துவிட்டன.

வாட்ஸ்அப் பற்றி ஒன்று. அறிவிப்பு எதுவும் அதில் கிடையாது, எல்லாம் கற்றல் தளத்தில்தான் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். நாலு இடத்தில் தகவல் சிதறினால், களைத்து வருபவர்தான் முதலில் எதையாவது தவறவிடுவார். ஆனால் ஐயம் கேட்பதற்கு அதன் குரல்பதிவுக்கு இணையானது எதுவும் இல்லை. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் "டீச்சர், இந்த இடத்துல தளை தட்டுதே, ஏன்?" என்று கேட்பார்கள். நேர்வகுப்பில் வாயே திறக்காத சிலர் அந்த மாதங்களில்தான் என்னிடம் பேசினார்கள்.

இப்போது வகுப்புகள் நேரில் நடக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் முதல் நான்கு வாரப் பாடங்களின் ஒலிப்பதிவும் குறிப்பும் கற்றல் தளத்தில் ஏறிய பிறகே நான் வகுப்பைத் தொடங்குகிறேன். 2015 செப்டம்பரில் புகைமூட்டத்துக்காகத் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளை ஒருநாள் மூடியது, முந்தைய நாள் மாலைதான் உறுதியானது. அடுத்தது எந்த வடிவில் வந்தாலும் ஒரு மாலைப் பொழுதுதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். துறைக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளைத் தொடர்ந்து வைக்கிறேன்: இரவல் மடிக்கணினிகளில் தமிழ் விசைப்பலகையை முன்பே நிறுவித் தர வேண்டும், பருவத்தின் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவரிடமும், வீட்டில் எத்தனை பேர், கணினி எத்தனை, எந்த நேரம் கையில் கிடைக்கும் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். இரண்டாவதை என் வகுப்பில் நானே செய்துவிடுகிறேன். முதலாவதற்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.