வடக்கு வாசலும் உப்புக் காற்றும்

இங்கிலாந்தின் தென்கரையில், பிரைட்டன், வொர்த்திங் பக்கம் வீடு தேடுகிறவர்கள் வாஸ்து பார்த்து வடக்கு வாசல் கேட்டால் தோட்டத்துக்கும் அது நல்லதாகவே முடியும். வாசல் வடக்கு என்றால் பின்தோட்டம் தெற்கு, வெயில் அந்தப் பக்கம்தான். தெற்கு வாசல் வீட்டில் தோட்டம் வீட்டு நிழலில் கிடக்கும். நம் ஊரில் டிசம்பரிலும் உச்சிச் சூரியன் 50 டிகிரிக்கு மேல் நிற்கும். இங்கே 16 டிகிரிதான். 8 மீட்டர் உயர வீட்டின் நிழல் அப்போது 28 மீட்டர் நீளும். மார்ச் நண்பகலில் அது 10 மீட்டர், ஜூனில் 4 மீட்டர். அதனால் ஜூனில் வீடு பார்த்துவிட்டு, 'நல்ல வெயில்' என்று நம்பிச் செடி வாங்கினால் ஏமாற்றம்தான்.

நிழலுக்கு என்று கடைக்காரர் முதலில் காட்டுவது கமீலியா, ரோடோடென்ட்ரான் என்ற பூச்செடிகள். பிரைட்டன் பகுதியில் பெரும்பாலும் சுண்ணாம்பு மண். அதில் இந்த இரண்டுக்கும் இரும்புச்சத்து எட்டாது. நரம்பு பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகும். உரம் போட்டாலும் தேறாது. மண்ணின் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவை ஒருமுறை சோதித்துவிடுங்கள். 7-க்கு மேல் என்றால் ஹார்ட்ஸ் டங் ஃபெர்ன் என்ற பெரணிச் செடி வையுங்கள். சுண்ணாம்பு அதற்குப் பிடித்தது. சுவரோரம் ஃபாட்சியா நன்றாக வரும். அகலக் கைபோன்ற இலை, ஊர்ச் செடியின் பசுமை. மரத்தடியில் நிழலோடு வறட்சியும் சேரும். வேர்கள் நீரை இழுத்துவிடுவதால் மற்றவை வாடும் அந்த இடத்தில் எபிமீடியம் என்ற குட்டைச் செடி தாங்கும். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும்.

கடலோரத்தில் குளிரைவிடக் காற்றுதான் எதிரி. கடல் உறைபனியைக் குறைக்கிறது, ஆனால் உப்பை இலையில் அறைகிறது. கடல் பார்த்த பக்கம் மட்டும் இலை கருகியிருந்தால் நோய் என்று மருந்து தேடாதீர்கள். புயல் ஓய்ந்ததும் நல்ல தண்ணீரால் இலைகளை அலசுங்கள்.

காற்றைத் தடுக்க எல்லோரும் செய்யும் தவறு, இடைவெளியில்லாத பலகை வேலி. காற்று அதன்மேல் ஏறி மறுபக்கம் சுழன்று விழும். வேலியை ஒட்டிய செடியே முதலில் முறியும். பாதிக்குப் பாதி துளையுள்ள காற்றுத்தடுப்பு வலையோ உயிர்வேலியோதான் காற்றை வடிகட்டும். வேலியின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு தூரம்வரை அதன் பயன் தெரியும். நம் கடற்கரையில் சவுக்குத்தோப்பு செய்யும் வேலை இதுதான். இங்கே அந்தச் சாயலில் இருப்பது டமரிஸ்க். கிரிசெலினியாவும் எஸ்கலோனியாவும் அடர்வேலிக்கு ஏற்றவை. 60 சென்டிமீட்டருக்கு ஒரு கன்றாக நடலாம். ஆளுயரச் செடிக்குக் காசு கொடுக்காதீர்கள்: காற்றில் ஆடி ஆடி வேர் பிடிக்காது. முழங்கால் உயரக் கன்றே சீக்கிரம் ஊன்றும். இலையுதிரா வகைகளைத் திறந்த கரையில் இலையுதிர்காலத்தில் நடாமல், ஏப்ரலில் நட்டால் குளிர்காலப் புயலுக்குமுன் வேர்விட நேரம் கிடைக்கும்.

வேலிக்குள்ளே த்ரிஃப்ட், சீ ஹாலி என்ற கடலோரப் பூச்செடிகளும் ரோஸ்மேரி, லாவெண்டரும் வைக்கலாம். சாம்பல் நிறம், ரோமம், மெழுகு, ஊசிபோன்ற குறுகல் ஆகியவை உப்புக்குத் தாங்கும் இலையின் அடையாளம். அழகுக்காகக் கடற்கரைக் கூழாங்கல்லை மட்டும் அள்ளி வராதீர்கள். சட்டப்படி குற்றம்.

கறிவேப்பிலைக்கு நிழலும் ஆகாது, கடற்காற்றும் ஆகாது. தொட்டியில், தெற்கு ஜன்னலோரம் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில்லாத மூலையில் வெளியே வைக்கலாம். இரவு 10 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே எடுத்துவிட வேண்டும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டுவதால்தான் பல செடிகள் வேரழுகிச் சாகின்றன. மேல்மண் நன்றாகக் காய்ந்தபிறகு கொஞ்சமாக ஊற்றுங்கள்.

கோடையில் அரைநிழல் கிடைக்கும் மூலை கொத்தமல்லிக்கு நல்லது. முழு வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும். புதினாவும் அங்கே வரும், ஆனால் தொட்டியோடு. நிலத்தில் விட்டால் அடுத்த ஆண்டு பாத்தி முழுக்க அதுதான்.