ஐந்து பைட் கோப்பு

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அளந்த கிணறுகளின் விவரம் வேண்டும் என்று போன மாதம் ஒருவர் கேட்டார். மொத்தம் 214 கிணறுகள். "என்னிடம் இருக்கிறது, நாளைக்கே அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பழைய ஹார்டு டிஸ்க் முனகிக்கொண்டே சுழன்றது. கோப்புறையும் கிடைத்தது. உள்ளே எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் என்று மூன்றே கோப்புகள். பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கியது. வரைபடத் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்பது பெயருக்குத்தான் ஒரு கோப்பு. உண்மையில் அது ஒரு கூட்டுக் குடும்பம். முதல் கோப்பில் வடிவங்கள், இரண்டாவதில் அவற்றுக்கான சுட்டி, மூன்றாவதில் அட்டவணை. இந்த மூன்றும் இருந்தால் மென்பொருள் திறந்து காட்டிவிடும். ஆனால் அந்த எண்கள் பூமியில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வது பிஆர்ஜே என்ற பொடிக் கோப்பு. எழுத்துகளை எந்தக் குறியாக்கத்தில் படிக்க வேண்டும் என்று சொல்வது சிபிஜி. அது பொடியிலும் பொடி. அதற்குள் ‘யுடிஎஃப்-8’ என்று மட்டும் எழுதியிருக்கும். ஆங்கிலத்தில் ஐந்து குறிகள், ஐந்து பைட்.

இரண்டையும் அழித்தது வேறு யாருமில்லை, நான்தான். வட்டில் இடம் நெருக்கடியான ஒரு நாளில், கோப்புகளை அளவு வாரியாக அடுக்கி, ஒரு கேபிக்குக் குறைவானவை எல்லாம் குப்பை என்று தள்ளினேன். அப்படித் தள்ளினால் எவ்வளவு இடம் மிச்சமாகும் என்று யோசிக்கும் அறிவு அன்று இல்லை.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தேன். அடுக்கின் பெயருக்குப் பக்கத்தில், இது பூமியில் எங்கே என்று தெரியவில்லை என்பதுபோல், ஒரு கேள்விக்குறி முளைத்தது. கிணறுகளின் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்திருந்தோம். அட்டவணையில் அந்த நிரல் முழுவதும் தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’உம் மாறி மாறி நின்றன. யுடிஎஃப்-8 தமிழை வேறு குறியாக்கமாகப் படித்தால் வரும் கோலம் இது. பழகிய கண்ணுக்கு உடனே தெரியும். குறியாக்கத்தை மாற்றியதும் பெயர்கள் எழுந்து வந்தன. ஐந்து பைட்டின் பாவம் அரை நிமிடத்தில் தீர்ந்தது.

பிஆர்ஜேயின் பாவம் அப்படித் தீரவில்லை. ஒரு கிணற்றின் ஆயத்தொலைவு 812187, 1215440 என்று இருந்தது. இவ்வளவு பெரிய எண்கள் பாகைகளாக இருக்க முடியாது; யுடிஎம் என்ற ஆயத்தொலைவு முறையின் மீட்டர்கள். அந்த முறை பூமியை ஆறு ஆறு பாகையாக 60 மண்டலங்களாக நறுக்குகிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் எண்கள் புதிதாகத் தொடங்கும். ஆகவே இதே எண் சோடி வட அரைக்கோளத்தில் மட்டும் 60 இடங்களில் பொருந்தும். நாங்கள் அளந்த பகுதியோ இரண்டு மண்டலங்களின் விளிம்பில் கிடக்கிறது. ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். 214 கிணறுகளும் கடலில் விழுந்தன. மற்றொன்றைக் கொடுத்ததும் தரைக்கு வந்தன.

தரைக்கு வந்தது சரி, சரியான தரையா? அதைச் சொல்ல, இடத்தில் நம்பிக்கை வைக்கக்கூடிய வேறொரு வரைபடம் வேண்டும். சோம்பலில் முதலில் கைக்கு வந்த நேச்சுரல் எர்த்தைப் போட்டேன். பொதுவுடைமைத் தரவு, எடுத்துப் பயன்படுத்த யாரையும் கேட்க வேண்டாம், உலகப்படம் போட அதைப்போல் அழகானது இல்லை. ஆனால் அதன் மிக நுணுக்கமான பதிப்பே ஒன்றுக்கு ஒரு கோடி என்ற அளவுகோலில்தான். கிணறுகளை நெருங்கிப் பார்த்தால் ஆறு மேட்டின்மேல் ஏறி இறங்குகிறது. குற்றம் அதனுடையது அல்ல. உலகப்படத்தில் கிணற்றைத் தேடிய என்னுடையது.

அடுத்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் வரையலாம். ஒரு நகரத்தில் மரம்வரை குறித்திருப்பார்கள்; இன்னோர் இடத்தில் ஒரே ஒரு சாலைக்கோடு ஓடும். எனக்குக் கிடைத்தது அந்த ஒரே கோடுதான். ஆனாலும் ஒரு பாலம் இருந்தது. பிறகு சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை இறக்கினேன். இலவசம், ஒரு படப்புள்ளி 10 மீட்டர். கிணறு அதில் தெரியாது, குளம் தெரியும். குளக்கரையில் நாங்கள் அளந்த கிணறுகள் ஒன்பது.

ஒன்பதும் தண்ணீருக்குள் கிடந்தன.

பாலத்தடிக் கிணறும் பாலத்தை விட்டு விலகியிருந்தது. ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே தூரம், இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தன. அப்பாடா என்று இருந்தது. அளந்தவர்களின் கைப்பிழை என்றால் ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும். இப்படி அணிவகுத்து நகராது. மொத்தமாக நகர்ந்தால் அது டேட்டம் பிழை, அதாவது பூமியின் வடிவத்தை எப்படி எடுத்துக்கொண்டோம் என்பதில் வந்த வேறுபாடு. அந்தக் காலத்துத் தாள் வரைபடங்களோடு ஒத்துப்போகட்டும் என்று கருவியில் பழைய டேட்டத்தை வைத்திருந்தோம் போலும். மாற்றிக் கொடுத்தேன். ஒன்பது கிணறுகளும் கரையேறின.

கேட்டவருக்கு ஒவ்வொரு கிணற்றடியின் தரைமட்ட உயரமும் வேண்டுமாம். அதற்கு எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 60 மீட்டர் நீளக் கம்பம் ஒன்றை நீட்டிக்கொண்டு 11 நாள் ரேடாரால் அளந்தது. சுமார் 30 மீட்டர் கட்டங்களாகக் கிடைக்கிறது. அருமையான தரவு, ஆனால் அடர்ந்த தோப்பு இருந்தால் அது காட்டும் உயரம் மண்ணுக்குரியது அல்ல, இலைகளுக்குரியது. அதன் பிறகு கட்டிய அணைகள் அதில் இன்னும் வெறும் பள்ளத்தாக்குகள். இந்த எச்சரிக்கையை எழுதி, எண்களோடு சேர்த்தே வைத்தேன்.

இப்போது எல்லாவற்றையும் ஒரே ஜியோபேக்கேஜுக்குள் போட்டுவிட்டேன். உள்ளே எஸ்க்யூலைட் தரவுத்தளம். வடிவம், அட்டவணை, ஆயத்தொலைவு முறை எல்லாம் ஒரே கோப்பில். உதிர்ந்துபோகக் குட்டிக் கோப்புகள் இல்லை. ஒன்று மட்டும்: திறந்து வேலை செய்யும்போது பக்கத்தில், பெயர் ஆங்கிலத்தில் ‘வால்’ (wal) என்று முடியும் தற்காலிகக் கோப்பு தோன்றும். அந்த நேரத்தில் முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் கடைசித் திருத்தங்கள் நகலில் இல்லாமல் போகலாம். மூடிவிட்டு நகலெடுங்கள். குட்டிக் கோப்புகளோடு எனக்கு இருக்கும் பகை முடியவில்லை.

இன்னும் ஒரு நிரல் பாக்கி. ஷேப்ஃபைலில் நிரலின் பெயர் 10 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் ஓர் எழுத்துக்கு, துணைக்குறிக்கும் சேர்த்து, மும்மூன்று பைட். ‘ஆறு’ என்பதற்கே ஒன்பது போய்விடும். ‘நீர்மட்டம்’ எங்கே நுழையும்? அதனால் அன்று ‘டபிள்யூஎல்2’ என்று வைத்திருக்கிறேன். நீர்மட்டம்தான், சந்தேகமில்லை. மதிப்புகள் 6 முதல் 31 வரை. மீட்டரா, அடியா?

அன்று என்னோடு அளந்த அண்ணனைத் தொலைபேசியில் பிடித்தேன். இரண்டும் இல்லை என்றார். "டேப் அறுந்துவிட்டது, கயிற்றில் முடிச்சுப் போட்டு எண்ணினோமே, மறந்துவிட்டாயா?" என்று சிரித்தார்.

ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் இடையே எவ்வளவு என்று கேட்டேன்.

"கயிறு உன்னிடம்தானே இருந்தது" என்றார்.