கோல் அடிக்காத ஒன்பதாம் நம்பர்: பெங்களூரு ஹாக்கிப் பயிற்சிக் குறிப்புகள்

ஜூன் 8

ஆறு ஆட்டம் முடிந்தது, கோல் பூஜ்யம். அல்சூர்ப் பையன், வயது 17, ஜெர்ஸி நம்பர் 9. நேற்று தோற்றதும் மேனேஜர் கேட்ட கேள்வி: "இன்னும் எத்தனை ஆட்டம் சார் இவனைப் பார்ப்பீங்க?" லீக் முடியும்வரை, அதாவது இன்னும் நாலு. கெடு வைக்காமல் ஆதரித்தால் பையனும் கெடுவான், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கும் நியாயம் செய்ததாகாது. கெடுவைப் பையனிடமும் நேரில் சொல்லியாயிற்று. "சரி சார்" என்றான், வேறொன்றும் பேசவில்லை.

இந்த நாலு ஆட்டத்தையும் கோலை வைத்து அளப்பதில்லை என்று முடிவு. ஃபார்வர்டு முதலில் லீட் ஓட வேண்டும் (பாஸ் வாங்க டிஃபெண்டரை விட்டு விலகி ஓடுவது), பாஸ் வர வேண்டும், வந்த பந்து ஸ்டிக்கில் நிற்க வேண்டும் (அதுதான் ட்ராப்). அப்புறம்தான் ஷாட். இதில் எங்கே அறுகிறது என்று தெரியாமல் ஆளை மாற்றினால், அடுத்து வருபவனும் அதே இடத்தில்தான் அறுவான்.

ஜூன் 9

கேலரியிலிருந்து மொபைலில் எடுத்த மூன்று ஆட்டத்து வீடியோவை ஓட்டி எண்ணியது:

லீட் 31. பாஸ் வந்தது 12. ட்ராப் நின்றது 5. டி-க்குள் (கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டம்) ஷாட் 1.

31-ல் 19 தடவை பந்தே வரவில்லை. மிட்ஃபீல்டுக்காரன் தலையைக் குனிந்து பந்தை அடக்கிக்கொண்டிருக்கும்போதே இவன் ஓடிவிடுகிறான். அவன் நிமிர்ந்து பார்க்கும் நேரத்தில் லீட் செத்துப்போயிருக்கும், டிஃபெண்டர் முன்னால் வந்திருப்பான். ஆகவே தப்பு பாதி இவனுடையது, பாதி பாஸ் கொடுப்பவனுடையது. ஸ்கோர்ஷீட்டில் இது எதுவும் தெரியாது.

வந்த 12-ல் 7 ஸ்டிக்கில் பட்டுத் தெறித்துப் போயிருக்கிறது. பந்தை நோக்கி நேராக ஓடி வருகிறான், முதுகு கோல் பக்கம், இரண்டு பாதமும் ஒரே கோட்டில். பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 11

ஸ்டிக்கைக் கையில் வாங்கிப் பார்த்தபோது பாதி விஷயம் புரிந்தது. 37.5 அங்குலம், லோ போ, அதாவது டிராக் ஃபிளிக் போடுபவர்களின் ரகம். பையன் உயரம் 165 செ.மீ. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியக் கேப்டன் ஹர்மன்பிரீத் 10 கோல் அடித்த பிறகு, எல்லாப் பையன்களுக்கும் டிராக் ஃபிளிக் ஸ்டிக்தான் வேண்டும்.

விதிப்படி ஸ்டிக்கின் வளைவு 25 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. லோ போவில் அந்த வளைவு அடிப்பக்கம் இறங்கியிருக்கும். டிராக் ஃபிளிக்கில் பந்தை இழுத்து வீச அது வசதி, பந்து வளைவில் உட்கார்ந்து வரும். ஆனால் ஹிட் அடிக்கும்போது ஸ்டிக்கின் முகம் பின்பக்கம் சாய்ந்துவிடும், பந்து எழும்பும். டிராக் ஃபிளிக் போடுவது பெனால்டி கார்னரில், டிஃபெண்டர் டி-க்குள் தப்பு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு அது. இந்தப் பையனோ டீமில் பெனால்டி கார்னர் எடுப்பதே கிடையாது!

கிட் பையிலிருந்து 36.5 அங்குல மிட் போ (வளைவு நடுப்பக்கம்) ஒன்று கொடுத்தாயிற்று. ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஸ்டிக் மாற்றுவது ஆபத்து. நாலு செஷனாவது அதில் ஆடிப் பழகியிருக்க வேண்டும். இன்றோடு சேர்த்து ஆட்டத்துக்கு முன் சரியாக நாலு செஷன் இருக்கிறது.

ஜூன் 12

சாந்திநகர் டர்ஃப் (செயற்கைத் தரை), காலை 6 மணி. ட்ராப் மட்டும்.

பாஸ் கொடுப்பவன் 25 லைனில் (கோல் கோட்டிலிருந்து 25 கஜத்தில் உள்ள கோடு), பையன் டி-யின் உச்சியில். முதலில் கோல் பக்கம் மூன்று எட்டு வைக்க வேண்டும், டிஃபெண்டர் கூடவே பின்வாங்குவான். மிட்ஃபீல்டுக்காரன் தலை நிமிர்ந்த அந்த நொடியில் சாய்வாக வெளியே வெட்டி வர வேண்டும். வாங்கும்போது உடம்பு அரைத் திருப்பம்: இடது தோள் கோல் பக்கம், பந்து வலது காலுக்குப் பக்கத்தில். அப்படி வாங்கினால் அடுத்த டச்சே ஷாட்டுக்கு வந்துவிடும்.

கை: இடது கை இறுக்கம், வலது கை தளர்வு. கைப்பிடி பந்துக்குக் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பந்து ஸ்டிக்கில் ஏறிவிடும். எட்டு எட்டாக நாலு செட். பந்து ஒரு ஸ்டிக் நீளத்துக்குள் நின்றால்தான் கணக்கு. மூன்றாவது செட்டிலிருந்து, பையனுக்குப் பின்னால் ஒருவர் நின்று விரல் காட்டுவார். பாஸ் கிளம்புமுன் திரும்பிப் பார்த்து எண்ணைக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் ட்ராப் நின்றாலும் செல்லாது.

32-க்கு 14. நிமிர்ந்து நிற்கிறான், அதுதான் காரணம். பள்ளி மண் தரையில் பழகியவன். அங்கே பந்து குதிக்கும், ஸ்டிக்கை நட்டுவைத்து நின்றால்தான் பிடிக்க முடியும். டர்ஃபில் முழங்கால் மடங்கி, ஸ்டிக் தாழ வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1976 மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரைக்குப் போனபோது இந்திய அணியே 7-வது இடத்தில் முடித்தது.

ஜூன் 15

ஏழாவது ஆட்டம். டிரா.

ஹாக்கியில் சப் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் தப்பு செய்தவனை உடனே வெளியே இழுக்கக் கை பரபரக்கும். அதைத் தடுக்கவே ஷிஃப்டை முதல் நாளே எழுதி பெஞ்சில் ஒட்டியாயிற்று: 15 நிமிட குவார்ட்டரில் 6 நிமிடம் உள்ளே, 4 வெளியே, 5 உள்ளே.

இரண்டாவது குவார்ட்டர், நாலாவது நிமிடம். நம் 25-க்குப் பக்கத்தில் பந்தை விட்டான், எதிரணி அப்படியே கொண்டுபோய் கோல் போட்டது. பெஞ்சே திரும்பிப் பார்த்தது. ஷிஃப்டில் இன்னும் 2 நிமிடம் இருந்தது, அதையும் ஆடி முடித்துவிட்டுத்தான் வந்தான். அப்போதே இழுத்திருந்தால் அடுத்த வாரம் பந்து வந்ததும் பின்னால் தள்ளிவிடுவான். பந்தை இழக்கும் ஃபார்வர்டைத் திருத்தலாம், பின்னாலேயே பாஸ் கொடுக்கப் பழகியவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்று: பெனால்டி கார்னர் கொடுத்தபின், அது முடியும்வரை சப் கிடையாது. இவன் உள்ளே இருக்கும் நிமிடங்களில் ஃபிளிக் போடுபவனும் உள்ளே இருக்கும்படி சார்ட்டைத் திருத்த வேண்டும். இன்று அது இடித்தது: கார்னர் கிடைத்தபோது ஃபிளிக்கர் பெஞ்சில்.

லீட் 10, பாஸ் 5, ட்ராப் 2, ஷாட் 0.

ஜூன் 18

தண்ணீர் அடிக்காத டர்ஃப். பந்து இழுத்து நிற்கிறது, சில நேரம் துள்ளுகிறது. ட்ராப் எண்ணிக்கை எழுதவில்லை. ஈரமில்லாத தரையில் எடுத்த எண்ணை ஈரத் தரை எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கே பொய்யாகும். மிட்ஃபீல்டுக்காரர்களுக்கு மட்டும் வேலை: பந்தை அடக்கி இரண்டாவது டச்சுக்குள் தலை நிமிர வேண்டும்.

ஜூன் 21

எட்டாவது ஆட்டம், வெற்றி. லீட் 8, பாஸ் 5, ட்ராப் 3, ஷாட் 1, வெளியே. லீட் குறைந்தது நல்ல அறிகுறி, வீண் ஓட்டம் குறைகிறது.

ஜூன் 23

பெஞ்சில் இருக்கும் பையனின் அம்மா வந்திருந்தார். "எங்க பையனுக்கு எப்போ சார் சான்ஸ்? கோலே போடாதவனை எறக்குறீங்க." கேள்வி நியாயம். ஷீட்டைக் காட்டிப் பயனில்லை, அவர் பார்ப்பது தன் மகன் ஆடிய நிமிடங்களை. 60-க்கு 16. அடுத்த ஆட்டத்திலிருந்து மூன்றாவது குவார்ட்டர் முழுவதும் அவனுக்கு. ஒருவனைத் தாங்குவதற்கான விலையை இன்னொருவன் மட்டும் கட்டிக்கொண்டிருந்தான், இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

ஜூன் 26

ஜூன் 12-ன் அதே ட்ராப் டிரில், ஈர டர்ஃப். 32-க்கு 23.

ஜூன் 29

ஒன்பதாவது ஆட்டம், 2-1. லீட் 9, பாஸ் 6, ட்ராப் 4, ஷாட் 2. ஒன்று போஸ்ட், ஒன்று கோல்கீப்பர் பேடு. அரைத் திருப்பத்தில் வாங்கி டி-க்குள் நுழைந்தபோது டிஃபெண்டர் காலில் பந்து பட்டு, ஒரு பெனால்டி கார்னர். ஃபிளிக்கர் உள்ளேயே இருந்தான், கோல். கோல் கணக்கு ஃபிளிக்கர் பெயரில். "அவன் கணக்கு இன்னும் சைபர்தானே சார்?" என்றார் மேனேஜர். ஆமாம், சைபர்தான்.

ஜூன் 30

பேடில் பட்ட ஷாட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. அடிக்கும் நொடியில் கண் கோல்கீப்பர் மேல் இருக்கிறது, பந்தும் அங்கேயே போகிறது. நாளை 6 மணிக்கு: கோலின் அகலம் 3.66 மீட்டர், இரு போஸ்டிலிருந்தும் உள்பக்கம் அரை மீட்டர் விட்டு ஒவ்வொரு கோன். கோனுக்கும் போஸ்டுக்கும் நடுவே போனால்தான் கணக்கு. கோல்கீப்பர் வேண்டாம். பந்து 40.

ஜூலை 6 கடைசி ஆட்டம். ஷிஃப்ட் சார்ட் ஒட்டியாயிற்று.