தங்கக் கூந்தல், பளிங்குக் கழுத்து

ஸ்பானியப் பொற்காலக் (16, 17-ஆம் நூற்றாண்டு) கவிதையில் அழகு வர்ணனை நம் கேசாதிபாதம் மாதிரிதான், தலையில் தொடங்கிக் கீழே இறங்கும். உவமைகளும் ஏறக்குறைய நிலையானவை. கூந்தலுக்குத் தங்கம், பல்லுக்கு முத்து, உதட்டுக்குப் பவளம். இதை ஒரு நிஜப் பெண்ணின் படமாக வாசித்தால் ஏமாற்றமே மிஞ்சும். கவிஞர் அந்தப் பட்டியலை என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

அக்காலக் கவிஞர் கோங்கோரா 1582-இல் எழுதிய சானெட் என்ற வகைக் கவிதை நல்ல உதாரணம். 14 அடி, அடிக்கு 11 அசை. கூந்தல் தங்கத்தோடும், நெற்றி லில்லியோடும், உதடு கார்னேஷனோடும், கழுத்து பளிங்கு என்னும் ஸ்படிகத்தோடும் போட்டி போட்டு ஜெயிக்கின்றன. 9-ஆம் அடியில் அந்த நான்கு உறுப்புகளும் வரிசை மாறித் திரும்ப வருகின்றன, 11-ஆம் அடியில் நான்கு உவமைகளும். கடைசி அடியில் எல்லாம் மண், புகை, தூசி, நிழல், சூன்யம். படிப்படியாகக் கரையும் அந்த ஐந்து சொற்களின் வரிசையை மொழிபெயர்ப்பில் மாற்றினால் கவிதையே போச்சு!

மொழிபெயர்ப்பில் இன்னொரு பொறி, லில்லியை 'அல்லி' என்று எழுதுவது. அல்லி நீர்ப்பூ. இது தரையில் பூக்கும் வெள்ளை லில்லி.

1605-இல் செர்வாண்டிஸ் இதே பட்டியலைத் தன் நாவலின் நாயகன் டான் கிஹோத்தே வாயில் வைத்துக் கேலி செய்தார். அவன் காதலி துல்சினேயாவின் கண்கள் சூரியன்கள், புருவங்கள் வானவில்களாம். அவன் பணியாள் சாஞ்சோவைக் கேட்டால், அவள் நல்ல பலசாலி, குரல் ஊருக்கே கேட்கும் என்பான். எனக்கென்னவோ சாஞ்சோவின் வர்ணனையில்தான் உயிர் இருக்கிறது.