சாப்பாடு தனி, கூட்டம் தனி: கண்ணகி நகர் நாட்குறிப்பு

டிசம்பர் 3, 2023, ஞாயிறு

சென்னை கண்ணகி நகரில் நாங்கள் நடத்தும் வீட்டுச் சபையின் காலைக் கூட்டத்துக்கு 11 பேர்தான் வந்தார்கள். எங்கள் வீடு சுமார் 200 சதுர அடி. கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தால் 20 பேர் உட்காரலாம், மற்றவர்கள் படிக்கட்டில்தான். இன்று எல்லோருக்கும் உள்ளேயே இடம் இருந்தது. மழைச் சத்தத்தில் கஞ்சிரா அடிப்பதுகூடக் கேட்கவில்லை. சீக்கிரம் ஜெபித்து அனுப்பிவிட்டோம்.

ஒக்கியம் மடுவில் தண்ணீர் ஏறுகிறது என்று ஆட்டோ ஓட்டும் தம்பி சொல்லிவிட்டுப் போனான். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துத் தண்ணீர் இந்த மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்கு வடிய வேண்டும்.

டிசம்பர் 5, செவ்வாய்

நேற்று முழுக்கக் கொட்டித் தீர்த்துவிட்டது. கரண்ட் இல்லை, பால் இல்லை. செம்மஞ்சேரியில் இருக்கும் ஒரு தங்கச்சி, என்னிடம் தையல் கற்றுக்கொண்டவள், யாருடைய போனிலிருந்தோ அழைத்தாள். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீராம். அடுப்பு முழுகிப்போய், ரேஷன் அரிசியும் ஊறி நாறுகிறதாம். "அரிசி எடுத்துட்டு வராதீங்கக்கா, பொங்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். அவள் சொல்லாவிட்டால் அரிசி மூட்டையோடுதான் கிளம்பியிருப்போம்.

வாடகைப் பாத்திரக் கடையில் அண்டா எடுத்தோம். 25 கிலோ அரிசியில் தக்காளி சாதம், 250 பேருக்குக் காணும். தெருமுனை அம்மன் கோவில் பிள்ளைகள் காய்ந்த விறகும் தார்ப்பாயும் கொடுத்ததோடு வெங்காயமும் உரித்தார்கள்.

டிசம்பர் 7, வியாழன்

இன்று பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு. லிஃப்ட் ஓடவில்லை. வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஏழு மாடி ஏறினோம். வயதானவர்கள் மூன்று நாளாகக் கீழே இறங்கவே இல்லை.

கடைசி வீட்டில் ஓர் ஆயா. தட்டில் சாதத்தை வைத்தேன். கையை வைக்காமல் அப்படியே நின்றார். புடவைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "மொதல்ல ஜெபம் பண்ணணுமாம்மா?" என்று கேட்டார். சாதத்திலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அவருக்குக் கை நடுங்கியது. இதற்கு முன்னால் யாரோ, எப்போதோ, அவரை அப்படி நிற்க வைத்திருக்கிறார்கள்.

"சாப்பிடுங்க ஆயா, சூடா இருக்கு" என்றேன். பாதியைப் பேரனுக்கு மூடி வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

ராத்திரி அவரிடம் (எங்கள் சபைக்குப் பாஸ்டர், எனக்கு வீட்டுக்காரர்) சொன்னேன்: இனிமேல் சாப்பாடு கொடுக்கும் இடத்தில் ஜெபம் வேண்டாம், சுவிசேஷக் கைப்பிரதி வேண்டாம், போட்டோ வேண்டாம். "கர்த்தர் பேரைச் சொல்லாம எப்படிம்மா?" என்று வருத்தப்பட்டார். வெகுநேரம் பேசினோம். அண்டாவை இறக்கும்போது நாம் ஜெபித்துக்கொள்வோம், தட்டை நீட்டுகிறவர்களை ஜெபிக்கச் சொல்ல வேண்டாம் என்று முடிவானது. அவர்களாகக் கேட்டால் அது வேறு.

டிசம்பர் 10, ஞாயிறு

உதவுவதாகச் சொல்லியிருந்த ஒரு பெரிய சபையிலிருந்து போன். பொருள் வாங்குகிறவர்களின் படமும், எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள், அதாவது இயேசுவை ஏற்றுக்கொண்டார்கள், என்ற கணக்கும் வேண்டுமாம். முடியாது என்றதும் 40 நிவாரணப் பொருள் கிட்டுக்கான பணம் நின்றுபோனது. கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்த 40 வீடும் எது என்று எனக்குத் தெரியும்.

இன்று கூட்டத்தில் ஆந்திராவில் இருக்கும் ஓங்கோல் ஊரின் கதையைச் சொன்னேன். ஜான் கிளஃப் அங்கே இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி. 1876 முதல் 1878 வரை தாதுவருஷப் பஞ்சம். சனம் செத்து விழுந்தபோது அவர் பக்கிங்காம் கால்வாயில் மூன்று மைலுக்கு மேல் வெட்டும் காண்ட்ராக்டை எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். நம் மடுவு போய்ச் சேருகிற அதே கால்வாய்தான். வேலை செய்தவர்களில் நிறைய பேர் ஞானஸ்நானம் கேட்டார்கள். நிவாரணம் நடக்கும்வரை ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அதெல்லாம் நின்ற பிறகு, இனி ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் வந்தார்கள். 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர்.

அந்த எண்ணிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. அவர் காத்திருந்தாரே, அதற்காகச் சொன்னேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

ரேஷன் கடைகளில் வெள்ள நிவாரணமாக 6,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நல்லது. ஆனால் ஆற்றங்கரையிலிருந்து இங்கே கொண்டுவந்து போட்ட குடும்பங்களில் சிலருக்குக் கார்டு இன்னும் பழைய முகவரியில் இருக்கிறது. சிலருக்குக் கார்டே இல்லை. எங்கள் பட்டியலில் அவர்களை முதலில் போட்டோம். கிட்டில் அரிசியைக் குறைத்துத் துவரம்பருப்பு, எண்ணெய், ரவை, டீத்தூள், ஒரு போர்வை.

நம் சபை அக்கா ஒருவர் முகம் சுளித்தார். "ஒரு வாரம்கூடத் தவறாம வர்றோம், நமக்கு இல்ல, கூட்டத்துக்கே வராதவங்களுக்கா?" பைபிளில் அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்திலும் இதே முறுமுறுப்புதான், தங்கள் விதவைகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று. ஆனால் அக்காவையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் வீட்டிலும் மெத்தை நனைந்துதான் கிடக்கிறது. ஒரு போர்வை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், பேசவில்லை.

செம்மஞ்சேரித் தங்கச்சி, "எங்க வீட்லயும் ஒரு கூட்டம் வைங்கக்கா" என்றாள். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அங்கே ஒரு வீட்டுச் சபை வேண்டும் என்று நான்கு வருஷமாக ஜெபித்திருக்கிறேன். ஆனாலும் அவள் கையில் எங்கள் பை இருந்தது. "கிட் கொடுக்கறதெல்லாம் முடியட்டும், பொங்கல் போகட்டும். அப்பவும் மனசு இருந்தா நீயே கூப்பிடு" என்றேன்.

டிசம்பர் 31, ஞாயிறு

கடைசி கிட் கொடுத்தாயிற்று. அண்டாவைத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தோம். முகம் சுளித்த அக்காதான் தேய்த்தார்.

ஜனவரி 21, 2024, ஞாயிறு

வியாழக்கிழமை தங்கச்சி கூப்பிட்டாள். "எதுவும் எடுத்துட்டு வராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னாள்.

சாயங்காலம் போனோம். சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளக்கோடு அப்படியே இருக்கிறது. ஐந்து பெண்கள், இரண்டு பிள்ளைகள். அதில் ஒருவர், "நான் சபை எல்லாம் சேர மாட்டேன், பாட்டு கேக்க வந்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தாராளமாகக் கேளுங்கள் என்றோம். மூன்று பாட்டு, ஒரு சங்கீதம், பிறகு ஒவ்வொருவரும் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல, ஜெபம். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய கிளாஸ்களில் டீ வந்தது. பாட்டு கேட்க வந்தவர் கடைசிவரை இருந்தார்.

அடுத்த ஞாயிறும் அங்கேதான். உட்காரப் பாய் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். வெள்ள நிவாரணப் பணத்தில் இரண்டு புதுப் பாய் வாங்கிச் சுருட்டி வைத்திருக்கிறாள்.