வைன் ஓப்பனர் வாங்கும் முன்

கானாடுகாத்தான் வீட்டில் நேற்று ராத்திரி, மச்சான் வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த வைன் பாட்டிலின் கார்க் பாதியில் முறிந்துவிட்டது. முகப்புத் தரையெல்லாம் கார்க் தூள். மனசே ஆறவில்லை.

கோளாறு ஓப்பனரின் திருகில்தான். நடுவில் கெட்டித் தண்டு. கார்க்கைக் கவ்வாமல் துருவித் தள்ளிவிட்டது. நல்ல திருகு நடுவே இடம் விட்டுச் சுருள் கம்பியாக இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு தீக்குச்சி நுழைய வேண்டும்.

வீட்டுக்கு மடக்குக் கத்தி மாதிரியான 'வெயிட்டர்ஸ் ஃப்ரெண்ட்' போதும். 1882-ல் கார்ல் வீன்கே என்ற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கிய வடிவம். பாட்டில் வாயில் ஊன்றும் நெம்புகோலில் இரண்டு படி இருப்பதாகப் பார்த்து எடுங்கள், கார்க் வளையாமல் நேராக ஏறிவரும். இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி கை வைத்த ஓப்பனர் எனக்குப் பிடிக்காது. பலவற்றில் அந்தக் கெட்டித் தண்டுதான்.

அப்புறம், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அழகான பித்தளைப் பிடி போட்ட ஓப்பனர் கண்ணில் பட்டாலும், முதலில் தீக்குச்சியை விட்டுப் பாருங்கள்.